ஐந்தாவது அட்டை

விசில் ஊதினால் எனக்குச் சிறுநீர் கசிந்தது. ஒரு பி.டி. டீச்சருக்கு இதைவிடக் கேவலம் உண்டா, நீங்களே சொல்லுங்கள். செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருஷமாக எனக்கு வேலையே விசில் ஊதுவதும் கத்துவதும்தான். அசெம்பிளியில் மைக் படுத்துவிட்டால் தலைமையாசிரியை எலக்ட்ரீஷியனைத் தேடமாட்டார், என்னைத் தேடுவார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் நான். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒருத்தி ஷூ லேஸ் கட்டாமல் நின்றால் இந்தக் கோடியிலிருந்து அவள் பரம்பரையையே இழுப்பேன். அப்படிப்பட்டவள் ஐம்பது வயதில், விசிலை வாயில் வைப்பதற்கு முன்னால் தொடையை இறுக்கிக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன்.

முதலில் விசில், அப்புறம் தும்மல், அப்புறம் சிரிப்பு. விளையாட்டு விழா முடிந்த ஒரு சாயங்காலம் குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. உரித்த முட்டை மாதிரி வழவழவென்று, பிறப்புறுப்பின் வாயில் நின்றுகொண்டிருந்தது. புற்றுநோய்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். விரலால் மெல்லத் தள்ளினேன், உள்ளே போய்விட்டது. மறுநாள் ஏழாம் வகுப்புக்கு நீளம் தாண்டுதல் செய்து காட்டினேன், திரும்ப வந்துவிட்டது. இப்படித் தள்ளுவதும் வருவதுமாக இரண்டு வருஷம் ஓட்டினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வீட்டில் இருந்தவரிடமும்தான். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடற்கரையோரம் ஒரு பெரிய பிளான்டில் பராமரிப்புப் பிரிவில் வேலை. எங்களுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அங்கிருந்து நான் திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் செங்கல்பட்டுக்கு பஸ் பிடிப்பேன். நான் எவ்வளவு கத்துவேனோ அவ்வளவுக்கு அவர் பேசமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சரு என்றுதான் கூப்பிடுவார். கம்பெனிப் பென்சில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். யாராவது ஒரு வேலை சொன்னால், சொன்னதை அப்படியே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்வார். பிளான்டில் அப்படித்தான் பழக்கமாம், தவறு நடக்காமல் இருக்க. கடைக்குப் போய் வெங்காயம் ஒரு கிலோ என்று நான் சொன்னால், "வெங்காயம் ஒரு கிலோ" என்று சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டுவார்.

வாயைத் திறந்தால் டேக் பற்றித்தான் பேசுவார். பிளான்டில் ஒரு வால்வையோ மோட்டாரையோ நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே கை வைக்கப் போகிறார் என்றால், அதன்மேல் ஒரு சிவப்பு அட்டை மாட்டிக் கையெழுத்துப் போடுவார். அதுதான் டேக். யார் கையெழுத்துப் போட்டாரோ அவர்தான் அதை எடுக்க வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் தொடக் கூடாது. ஒருமுறை ஒருத்தர் அட்டையை எடுக்க மறந்து செய்யூருக்கு, வீட்டுக்குப் போய்விட்டாராம். ஜீப் அனுப்பி, சோற்றில் கை வைத்தவரை அப்படியே எழுப்பிக் கூட்டி வந்து கையெழுத்து வாங்கினார்களாம். இந்தக் கதையைக் கல்யாணமான முதல் வாரத்தில் கேட்டேன். அதற்கப்புறம் எத்தனை பந்தியில் கேட்டேன் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் ஒன்று. எங்களுக்குள் அந்த விஷயம் நன்றாகவே இருந்தது. சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம்? அவருக்குக் காலை ஷிப்டு, எனக்குச் சனிக்கிழமை அரை நாள், மகளுக்கு டியூஷன் என்று மூன்றும் சேர்ந்து வரும் மத்தியானங்கள் இருந்தன. அந்த நேரத்தில் மட்டும் அவருக்கு வாய் வரும். ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார். மகள் கல்யாணமாகி ஊரப்பாக்கம் போன பிறகு சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

அப்போது பார்த்து எனக்கு இது வந்தது. இவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார், கையில் தட்டுப்பட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் விரதம் பிடிக்க ஆரம்பித்தேன். வெள்ளி, சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம். அந்த இரண்டு வருஷம் நான் பிடித்த விரதத்துக்கு என்னை உயிரோடு மேலே கூட்டிப் போயிருக்க வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று கிருத்திகை பிடித்தேன். விரதம் இல்லாத நாளில் முட்டி வலி. அவர் ஒன்றும் கேட்கவில்லை. முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நம்பிவிட்டார் என்று நினைத்து நான் நிம்மதியாகவும் இருந்தேன், அழவும் செய்தேன்.

கடைசியில் என்னைப் பிடித்தது பள்ளியில் பெருக்குகிற அம்மா. கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு எதிரில் வந்து நின்றது.

"இன்னா டீச்சர், அடி எறங்கிக்கிச்சா? எனுக்கும் இப்டித்தான் இருந்துது. பொத்தி வெச்சிக்கினு கீற பாரு. இது கேன்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போ."

ஊரையே விரட்டுகிற நான் அந்த அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதேன். மறுவாரமே மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு பெண் மருத்துவரைப் பார்க்கப் போனேன். கூடவே வந்த வீட்டுக்காரரிடம் கர்ப்பப்பையில் சின்னக் கோளாறு என்று மட்டும் பூசி மெழுகியிருந்தேன். அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்துகொண்டார்.

மருத்துவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்குகிற தசை தளர்ந்து போயிருக்கிறது, அதனால் இறங்கியிருக்கிறது. பெரிய குழந்தையாகப் பெற்றது, மாதவிடாய் நிற்கும் வயது, வருஷக்கணக்காகக் குதித்ததும் பளு தூக்கியதும் எல்லாம் சேர்ந்ததாக இருக்கலாம் என்றார். என்னைப்போல் நிறையப் பேர் மறைத்துக்கொண்டு வருகிறார்களாம். முதலில் உள்ளே தாங்கிப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம் வைத்துப் பார்த்தார்கள். என் குதிப்புக்கு அது நிற்கவில்லை. அடுத்த முறை மகளோடு போனபோது அறுவை சிகிச்சைதான் என்று ஆனது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, தளர்ந்த சுவரை மேலே தூக்கித் தைப்பார்களாம். அதைச் சொல்லிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு மறைக்காம சொல்லுங்க. இனிமேலும் நீங்களும் சாரும் சேர்ந்து இருக்கணும்னு நினைக்கிறீங்களா? நான் தைக்கிறதே அதைப் பொறுத்துத்தான். வேணாம்னு சொல்றவங்களுக்கு, ரொம்ப வயசானவங்களுக்கு, வழியை மூடியே தைச்சிடுவோம். அது சின்ன ஆபரேஷன். வேணும்னா இடம் விட்டுப் பார்த்துத் தைக்கணும்."

என் மகள் முந்திக்கொண்டாள். பாவம், அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். "சின்னதே போதும்மா, எதுக்கு ரிஸ்க்கு? அப்பாவுக்கும் ரிட்டயர்மென்ட் வரப்போகுது." இதிலிருந்தெல்லாமா ரிட்டயர் ஆகிறார்கள்? எனக்கு வந்த கோபத்தில் வெட்கம் ஓடிப்போய்விட்டது.

"வேணும்," என்றேன்.

மைதானத்தில் சொல்கிற மாதிரி வந்துவிட்டது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். மருத்துவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். மகள் போனை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை தலையை நிமிர்த்தவே இல்லை. நானும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இரண்டு வருஷம் விரதம் என்று தள்ளிவைத்த பெண், உங்களுக்காக இடம் விட்டுத் தைக்கச் சொல்லியிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வாள்?

மே மாத லீவில் ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் அவரை வார்டுக்குள் கூப்பிட்டு விவரம் சொன்னார். மூன்று மாதம் நான் எதையும் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, ஆறு வாரம் தாம்பத்தியம் கூடாது, அதற்கப்புறமும் தான் பரிசோதித்துச் சொன்ன பிறகுதான் என்றார். இவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் பிளான்டில் செய்வதுபோலவே சத்தமாகத் திருப்பிச் சொன்னார். "மூணு மாசம் தூக்கக் கூடாது. முக்கக் கூடாது. ஆறு வாரம் தாம்பத்தியம் கூடாது. டாக்டர் சொன்ன பிறகுதான்." பக்கத்துக் கட்டில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குத் தையல் வலியில் சிரிக்கவும் முடியவில்லை, அவரைத் திட்டவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் சமையலறையில் நான்கு சிவப்பு அட்டைகள். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, பின்பக்கம் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு, நூல் கோத்து மாட்டியிருந்தார். சிலிண்டரில் ஒன்று, தண்ணீர் கேனில் ஒன்று, அரிசி டின்னில் ஒன்று, கிரைண்டரில் ஒன்று. எது, ஏன் தடை, தடை போட்டவர், எடுத்தவர், மணி என்று ஐந்து கட்டம். தடை போட்டவர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். உங்கள் அட்டை, நீங்களே போடுங்கள் என்றேன். உடம்பு உன்னுடையது, எப்போது சரியாயிற்று என்று உனக்குத்தான் தெரியும், அதனால் நீதான் போடவேண்டும், நீதான் எடுக்கவேண்டும் என்றார். நான்கிலும் போட்டேன். அந்த மூன்று மாதமும் வீடு முழுக்க அவர் கையில்தான். என் தலையைச் சீவிவிட்டார், துணி துவைத்தார், மலச்சிக்கல் வரக் கூடாது என்று தினமும் கீரையும் பப்பாளியுமாகக் கொடுத்துக் கொன்றார்.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை. உள்ளே மகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். தையல் நன்றாக ஆறியிருக்கிறது, இனிமேல் சேர்ந்து இருக்கலாம், அவசரம் வேண்டாம் என்றார் மருத்துவர். இந்த வயதில் உள்ளே வறட்சி இருக்கும் என்று, வாரம் இரண்டு முறை உள்ளே தடவ ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தார். கீழிருந்து தாங்குகிற அந்தத் தசையை இறுக்கி விடுகிற பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்.

வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் இருபது பேர். நடுவில் ஃபைலோடு என் மகள். இவர் எழுந்து வந்து, "இன்னா சொன்னாங்க?" என்றார்.

"எல்லாம் சரியாயிடுச்சாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தேனா நான்? அத்தனை பேர் எதிரில் வேறென்ன சொல்வது? வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், சொல்லாவிட்டாலும் அவருக்கே தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

அவர் வரவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த அன்றே, எனக்கு இடம் வேண்டுமென்று ஹாலில் பாய் போட்டவர் பாயைச் சுருட்டவே இல்லை. மூன்று மாதம் முடிந்ததும் நான்கு அட்டையையும் எடுத்து, கையெழுத்தும் மணியும் போட்டு அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். பிறகு அட்டைகளை மேஜை டிராயரில் வைத்தார். அன்றைக்கும் ஹாலில்தான் படுத்தார்.

நான் மட்டும் சும்மா இருக்கவில்லை. க்ரீம் தடவினேன். ஒன்றுமே அசையாத உடற்பயிற்சி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது மனதுக்குள் எண்ணிக்கொண்டே இறுக்கினேன், விட்டேன். டிக்கெட் கேட்ட கண்டக்டருக்கு எட்டு, ஒன்பது என்று பதில் சொன்னேன். செப்டம்பரில் ஒருநாள் மைதானத்தில் நின்று விசிலை ஊதினேன். ஒரு சொட்டு இல்லை. திரும்ப ஊதினேன். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் வரிசையில் வந்து நின்றார்கள். எனக்கு ஓடிப்போய் அவரிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. அன்றைக்கு மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டேன், புது நைட்டி போட்டுக்கொண்டேன், ஹாலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஃபேனைக் குறைக்கவா என்று கேட்டார்.

உள்ளே எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்னைத் தைத்த இடத்தை நினைத்து அவருக்கு அருவருப்பு வந்துவிட்டது, கர்ப்பப்பை போனதோடு நானும் அவருக்குப் போய்விட்டேன் என்றுதான் நினைத்தேன். சண்டை போட்டிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வேன் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நாள் நான் வாயை மூடியதே கிடையாது.

தை முகூர்த்தத்தில், அவரோடு வேலை செய்பவரின் மகனுக்கு மாமல்லபுரத்தில் கல்யாணம். மத்தியானப் பந்தி. எங்களுக்கு எதிரில் உட்கார்ந்த புது ஆட்களைப் பார்த்ததும் இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. செய்யூர், ஜீப், சோற்றில் வைத்த கை. எல்லோரும் சிரித்தார்கள். டேக்க மாட்னவன்தான் எடுக்கணும் என்று இவர் முடிக்கும்போது, நான் பாயசத்தைத் தள்ளி வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். கோயில் பக்கம் சுற்றுலாக் கூட்டம். நாங்கள் படகுகள் நிற்கும் பக்கமாகத் தள்ளிப் போனோம். கோபம் வந்தால் என் பேச்சு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் பிறந்த ஊருக்குப் போய்விடும்.

"எட்டு மாசம் ஆவுது. நான் உங்குளுக்கு அருவருப்பா கீறேனா? அறுத்துத் தெச்ச ஒடம்பு வேணான்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க. அந்த வால்வு மேல கீற அக்கற எம்மேல இல்ல உங்குளுக்கு."

அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். புரியாத பாடத்தைப் பார்க்கிற பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"நீதான டேக்க எடுக்கவே இல்ல, டீச்சரு."

"எந்த டேக்கு? நாலையும் உங்க கையிலதான குடுத்தேன்?"

"அஞ்சாவது ஒண்ணு கீதே. ரூம்ல."

படகு நிழலில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஐந்தாவதாக ஒரு அட்டை எழுதினாராம். அதில் என்னிடம் கையெழுத்துக் கேட்க வெட்கமாக இருந்ததாம். நான் படுத்திருந்தாலே கண்ணில் படட்டும் என்று படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டாராம். டாக்டர் வேறு என்ன சொன்னார் என்று வராந்தாவில் கேட்டது அதற்காகத்தானாம். நான் ஒன்றும் இல்லை என்றதும், இன்னும் அனுமதி வரவில்லை என்று எடுத்துக்கொண்டார். நான்கை மட்டும் எடுத்துக் கொடுத்தபோது, ஐந்தாவதை வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவாராம். பக்கத்தில் படுத்தால் தன்னால் தாங்க முடியாது, அதனால்தான் ஹால் என்றார். அதைச் சொல்லும்போது கடலைப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். "மாசத்துக்கு மூணு கிருத்திக வராதுன்னு எனுக்கும் தெரியும். கேட்டா நீ அழுவியோன்னு கேக்கல."

நான் அழுதுதான் விட்டேன். இந்த மனிதரைப் போய் என்னவெல்லாம் நினைத்திருந்தேன்.

வண்டியில் வீட்டுக்கு வந்ததும் நேராக அந்தக் கதவைத்தான் சாத்திப் பார்த்தேன். ஆணியில் அவருடைய யூனிஃபார்ம் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. அவற்றை எல்லாம் எடுத்த பிறகு அடியில் இருந்தது அட்டை. காலையில் சட்டை எடுக்கிற அவர் கைக்கு மட்டும்தான் அது எட்டியிருக்கிறது. எனக்கு அழுகை போய்க் கோபம் திரும்பிவிட்டது. டேக்கின்மேல் சட்டையை மாட்டினால் எந்த மகராசி பார்ப்பாள், பிளான்டில் இப்படிச் செய்தால் உங்களுக்கு மெமோ கொடுக்க மாட்டார்களா என்று பிடித்துக்கொண்டேன். அவர் முகம் செத்துவிட்டது. முப்பது வருஷ சர்வீசில் அப்படி ஒரு தப்பு அவர் செய்ததில்லை. அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தடை போட்டவர் என்ற இடத்தில் என் பெயரை அவரே எழுதியிருந்தார். ஏன் என்ற இடத்தில் டாக்டர் சொன்னார் என்று இருந்தது. எது என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். எடுத்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மணி போடச் சொன்னார். நாலு இருபது. அன்றைக்குப் பாய் ஹாலை விட்டு எழுந்தது.

முடிவு நல்லபடிதான், பயப்படாதீர்கள். ஆனால் உடனே இல்லை. எனக்குத் தையல் பிரிந்துவிடுமோ என்று பயம், அவருக்கு என்னை உடைத்துவிடுவோமோ என்று பயம். டேக்கை எடுத்ததும் வால்வை முழுசாகத் திறக்க மாட்டார்கள், கால் சுற்றுத் திருப்பி நின்று பார்ப்பார்கள் என்று அவர் பாடம் எடுத்தார். நான் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. இருந்தாலும் வலித்தது. உள்ளே எல்லாம் இறுகி, புது இடம் மாதிரி இருந்தது. மருத்துவருக்கு நானே போன் போட்டு, இந்த முறை மென்று முழுங்காமல் கேட்டேன். வழுக்கலுக்கு ஒரு ஜெல் சொன்னார், வேகம் என் கையில் இருக்கட்டும் என்றார், வலித்தால் நிறுத்துங்கள், ரத்தம் பட்டால் உடனே வாருங்கள் என்றார். ஜெல்லை எங்கள் டவுன்ஷிப் மருந்துக் கடையில் எப்படிக் கேட்பது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஊரப்பாக்கத்திலிருந்து பிஸ்கட் கவருக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். ஒன்றும் பேசாமல் என் கையில் திணித்துவிட்டு, அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அன்றைக்கு அவளுக்குப் பிடித்த இறால் வறுவல் செய்து போட்டேன்.

மூன்றாவது முறையும் வலித்தது. நான் பல்லைக் கடித்ததை அவர் பார்த்துவிட்டார். உடனே விலகி எழுந்து உட்கார்ந்தார். சாயங்கால வெயில் ஜன்னலில் இருந்தது. டிராயரைத் திறந்து அந்த ஐந்தாவது அட்டையை எடுத்தார்.

"வேணாம்மா. மறுபடி மாட்டிடலாம். நீ வலிய பொறுத்துக்கினு எனுக்கு ஒண்ணும் ஆவ வேணாம். இப்டியே நல்லாத்தான கீறோம்."

நல்ல மனிதர் சொல்கிற நல்ல வார்த்தைதான். சரி என்று நான் தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும், இருவரும் கடைசி வரை பிரியமாக, ஆளுக்கொரு பக்கம் படுத்திருப்போம். அப்போதுதான் சொன்னேன். அந்த மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதை, மூடித் தைக்கிற சின்ன ஆபரேஷனை, மகள் சொன்னதை, நான் சொன்னதை எல்லாம். அவருக்காக மட்டும் சொல்லவில்லை, எனக்கே வேண்டும் என்றுதான் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் அட்டையை மடியில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணு எதுருலயா சொன்ன?"

"ஆமா. நர்ஸு எதுருலயும்."

பேனாவைத் தேடி எடுத்து, மூடியைக் கழற்றி, அட்டையோடு என்னிடம் நீட்டினார். எது என்று கேட்டு எட்டு மாதமாகக் காலியாக இருந்த அந்தக் கட்டத்தை விரலால் காட்டினார். நான் அதில் வேணும் என்று எழுதினேன். அவர் வாங்கி, பிளான்டில் செய்வதுபோலவே ஒருமுறை சத்தமாகத் திருப்பிச் சொன்னார். "வேணும்." பிறகு அதற்குக் கீழே எனக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியும் போட்டார்.